வலது எஞ்சினின் ஆறு குழாய்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும், அதற்குள் நீ மடித்து வைத்திருந்த, நம் விமானத்தை மறுபடி பறக்கவிடும் அனுமதித் தாளும் வந்து சேர்ந்தன. நான் நலம். முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தங்கச்சி வீட்டில் வேறு யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் அதை மட்டும் தனியாகக் குறை சொல்வது நியாயமில்லை.

தாளில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உலகத்தில் நம்முடையதைப் போன்ற பழைய போர் விமானம் பறக்கும் நிலையில் மூன்று இருந்தன. போன மாதத்திலிருந்து இரண்டு. செய்தித்தாளில் வந்ததை வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். நீ படிக்காமல் இருந்திருக்க மாட்டாய். படித்துவிட்டு, எனக்கு நான்கு பக்கம் எழுதும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது. விமானக் கண்காட்சி, நல்ல வெயில், உள்ளே எட்டுப் பேர். மேலே ஏறும்போது ஓர் எஞ்சினில் தீப்பிடித்திருக்கிறது. திருப்பிக் கொண்டுவர உயரம் போதவில்லை. ஓட்டியவருக்கு நாற்பது வருட அனுபவம். ஆனால் அந்த விமானத்தில் அந்த வருடம் அவர் பறந்தது மொத்தம் ஆறு மணி நேரம்தானாம்.

நீ நம் விமானத்தைக் கடைசியாக ஓட்டி இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகின்றன. உனக்கு வயது அறுபத்து நான்கு. விமானத்துக்கு என் வயது. எழுபத்து நான்கு வயதில் மூட்டுகள் என்ன செய்யும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதில் பயணிகள் வேறு. ஒன்பது பேரை ஏற்றப்போகிறாய் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்துப் போரில் இதே விமானத்தில் பறந்தவர்களின் பிள்ளைகள் என்றால் அவர்களுக்கும் அறுபது எழுபது வயதிருக்கும். வீட்டில் அவர்களைத் தேடுவதற்கு ஆள் இருக்கும்.

உன் அண்ணன் உயிலில் விமானத்தை என் பெயருக்கு எழுதியபோது, அலமாரியில் வைக்க முடியாத சாமான் எனக்கு எதற்கு என்று நினைத்தேன். இப்போது புரிகிறது. வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்படும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்று. விமானத்தைக் 'கிழவி' என்று எழுதுவதை நிறுத்து. "கிழவிக்கு மூச்சு வாங்குகிறது", "கிழவியைக் கழுவித் துடைத்து நிறுத்தினோம்" என்று நீ எழுதியதைத் தங்கச்சி சத்தமாகப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


பிப்ரவரி 16

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

கும்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன். அதனால் எழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

செய்தியைப் படித்தேன். அந்த பைலட்டை எனக்குத் தெரியும். இரண்டு முறை ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். உங்களிடமிருந்து மறைக்க வேண்டும் என்றில்லை. எழுத உட்கார்ந்தபோது கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஆபத்து இல்லை என்று உங்களிடம் சொன்னால் நீங்கள் என் காதைத் திருகுவீர்கள். ஏறும்போது ஓர் எஞ்சின் நின்றால் யோசிக்க எனக்கு ஆறு நொடி. குதித்துத் தப்பிக்கும் இருக்கை அதில் கிடையாது. உதிரிப் பாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பாதியை நாமே லேத்தில் கடைந்து எடுத்தோம். இந்த மாதிரி விமானங்களில் முக்கால்வாசி அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிற்பது அதனால்தான். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறேன்.

நம்முடையது வேறு என்று நான் சொல்வதற்கு ஒரே காரணம் உங்கள் பதிவேடு. பன்னிரண்டு வருடம் பழுதுபார்ப்பு, மூன்று வருடம் பறப்பு. தினமும் சாயங்காலம் அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அன்றைக்குச் செய்த வேலையைச் சொல்வார், நீங்கள் எழுதுவீர்கள், முதல் கட்டத்தில் அவர் கையெழுத்துப் போடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வந்து 'சரிபார்த்தவர்' கட்டத்தில் போடுவேன். பதினொரு பதிவேடு, ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. விமானத் துறை ஆய்வாளர் அன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா? "சார், இந்த மாதிரி ரெக்கார்ட நான் பார்த்ததே இல்ல. எழுதினவங்களுக்கு ஒரு கும்பிடு போட்டேன்னு சொல்லுங்க." சொல்லிவிட்டேன்.

பதினொன்றும் உங்கள் பெட்டியில்தான் இருக்கின்றன. உட்கார்ந்து படியுங்கள் அண்ணி. ஒரு வரியில் சந்தேகம் வந்தாலும் எழுதுங்கள். தாளை நானே கிழித்துப் போடுகிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. செப்டம்பர் முப்பதோடு என் மருத்துவச் சான்று முடிகிறது. டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இதோட கடைசி. அடுத்த வருஷம் வந்தா டீ குடுத்து அனுப்பிடுவேன், சீல் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். இந்த வருடம் பறக்கவில்லை என்றால் நான் இனிப் பறக்கவே போவதில்லை. பதினைந்து வருடம் அதோடு கிடந்திருக்கிறேன். ஒரே ஒரு பருவம் கேட்கிறேன்.

இனி 'அம்மையார்' என்றே எழுதுகிறேன். போதுமா?

உங்கள் அன்புத் தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, என் கையெழுத்தின்மேல் எனக்கே உள்ள கர்வத்தால் படிக்க ஆரம்பித்தேன். ஒன்பது முடிந்திருக்கின்றன. சன்னலோரம் மேசையைப் போட்டு, ரூலரை ஒவ்வொரு வரிக்கும் அடியில் வைத்துப் படிக்கிறேன்.

தங்கச்சி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். "என்னக்கா, பரீட்சையா?" என்றாள். "ஆமா, பழைய பரீட்சை" என்றேன். "பாஸாயிடுவியா?" என்றாள். நான் எந்தப் பரீட்சையிலும் இரண்டாவதாக வந்ததில்லை என்பதை அவள் மறந்துவிட்டாள். இரண்டாவதாக வந்தவளுக்கு ஞாபகம் இருக்க வேண்டாமா?

படிக்கப் படிக்க அவர் குரல் கேட்கிறது. 'வால் சக்கரத்தின் அச்சு' என்று அவர் சொல்லும்போது ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். எழுத்தில் அது தெரிய வேண்டியதில்லை, எனக்குத் தெரிகிறது.

ஒப்புக்கொள்கிறேன். ஒன்பது பதிவேட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீதி இரண்டும் இப்படியே இருந்தால் நீயும் துணை பைலட்டும் மட்டும் பறக்கக் கையெழுத்துப் போடுவேன். பயணிகள் வேண்டாம். நீங்கள் இருவரும் ஆபத்து என்ன என்று தெரிந்து ஏறுகிறவர்கள். அந்த ஒன்பது பேரின் அப்பாக்கள் போர் என்பதால் ஏறினார்கள், அவர்களுக்கு வேறு வழியில்லை. பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது.

'அம்மையார்' இன்னும் மோசம். பேசாமல் விமானம் என்றே எழுது.

உன் அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எல்லாருக்கும் கேட்கும்படி, விமானத்தை நிறுத்தியிருக்கும் ஹேங்கரில் நின்று படித்தேன். வெல்டர் கைதட்டினார். நம் துணை பைலட் பெண், "பெரியம்மா பாதி இறங்கிட்டாங்க, மீதியையும் இறக்கிடுங்க சார்" என்றாள். இறக்கப் பார்க்கிறேன்.

பயணிகளில் ஒருவர் ரிட்டயரான பள்ளி ஆசிரியை. அவர் அப்பா இந்த விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தவர், வீடு திரும்பவில்லை. அப்போது இந்த அம்மாவுக்கு வயது ஒன்று. போன வாரம் வந்து நடுவில் உள்ள மடக்கு இருக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது, "எப்போ பறக்கும்?" என்று மட்டும் கேட்டார். "அண்ணி சொல்லணும்" என்றேன். "கண்டிப்பான ஆளா?" என்று கேட்டார். "நீங்க டீச்சர்தானே, உங்களுக்குப் புரியும்" என்றேன்.

ஆய்வாளர் இருபத்தெட்டாம் தேதி வருகிறார். உங்கள் தாளும் பதிவேடுகளும் அதற்குள் இங்கே வந்தால் ஏப்ரலில் எஞ்சினை ஓட்டிப் பார்த்து, மே மாதம் பறந்துவிடலாம். இரண்டு வருடமாக எஞ்சினைக் கையால் சுற்றி எண்ணெய் போட்டு வைத்ததோடு சரி. அதற்கும் ஏக்கம் இருக்கும்.

மீதி இரண்டு பதிவேட்டையும் சீக்கிரம் முடியுங்கள் அண்ணி.

அன்புத் தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. யாருக்கும் படித்துக் காட்டாதே.

பதினொன்றாவது பதிவேடு, நூற்று நாற்பத்தாறாம் பக்கம், கடைசி வரி. 'இரண்டு எஞ்சின்களிலும் பெட்ரோல் குழாய்கள், எஞ்சினுக்கு ஆறு வீதம், புதியன மாற்றப்பட்டன.' எழுத்து கொஞ்சம் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் சுத்தமாக இருக்கிறது. அந்த வரி பொய்.

அது வியாழக்கிழமை சாயங்காலம். அவர் களைத்துப் போய் வந்தார். "இடது பக்கம் ஆறும் முடிஞ்சுது. வலது பக்கம் நாளைக்கு" என்றார். பக்கத்தில் ஒரு வரிக்குத்தான் இடமிருந்தது. இடது எஞ்சினை மட்டும் அதில் எழுதினால் வலது எஞ்சின் அடுத்த பக்கத்தின் உச்சியில் ஒண்டியாகத் தொங்கும். கான்வென்டில் அப்படி ஒரு வரியைத் தொங்கவிட்டால் சிஸ்டர் நோட்டையே திருப்பிக் கொடுத்து முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதச் சொல்வார். நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். "ரெண்டையும் சேத்தே எழுதிடட்டுமா? பக்கம் முடிஞ்சிடும்" என்று நான் கேட்டேன். கேட்டது நான், அவர் இல்லை. அவர் சிரித்தார். "எழுதிடு. காலையில முதல் வேலையா முடிச்சிடுறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் நான் எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிட்டார். எட்டரை மணிக்கு, அவர் ஹேங்கரில் விழுந்து கிடந்தார் என்று உன் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அதன் பிறகு அந்த வரி என் நினைவிலேயே இல்லை. இதை நீ நம்புவாய் என்று நினைக்கிறேன். நானே நம்புவதற்குச் சில நாள் ஆகும்.

ஜனவரியில் விழுந்த அந்த விமானத்தில் தீப்பிடித்தது எங்கே என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்த வரிக்கு நேரே 'சரிபார்த்தவர்' கட்டத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. அவர் போன பத்தாம் நாள் நீ போட்டது. எதைப் பார்த்துப் போட்டாய்?

உன் அண்ணி


மார்ச் 15

அண்ணி,

கடிதம் கிடைத்தது. ஹேங்கருக்கு வெளியே நின்று படித்தேன்.

அண்ணன் அதை முடித்திருப்பார். அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார் என்று வாசல் காவலர் சொன்னார். நான் வந்து அவரைப் பார்த்தது எட்டேகாலுக்கு. இரண்டேகால் மணி நேரம் அண்ணன் கைக்கு ஆறு குழாய்க்குத் தாராளம். அவர் சொன்ன வேலையைச் செய்யாமல் விட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

வலது எஞ்சினின் பக்கத் தகட்டில் பத்துத் திருகு. கழற்றிப் பார்த்து, ஏதாவது விட்டிருந்தால் மாற்றி மூட ஒரே நாள். நானே தனியாகச் செய்துவிடுவேன். ஆய்வாளர் காதில் போட்டால் அவர் பத்துத் திருகோடு நிற்க மாட்டார். ஒரு வரி பொய்யென்றால் மற்ற வரிகளுக்கு என்ன சாட்சி என்று கேட்பார். மொத்த விமானத்தையும் பிரிக்கச் சொல்வார். செப்டம்பர் அதிலேயே கரைந்துவிடும். நான் அவ்வளவுதான்.

என்னை விடுங்கள். அண்ணன் பெயர்? பதினைந்து வருடம் இந்த ஊரே கையெடுத்துக் கும்பிட்டது அவர் வேலையை. அதைச் சிவப்பு மையில் அடிக்கப்போகிறீர்களா?

உங்கள் பதில் வரும்வரை தகட்டைத் தொட மாட்டேன். உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும் அண்ணி. காலில் விழுந்து கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு புடவை மாற்றிக்கொண்டு தபாலாபீஸுக்கு நடந்தேன். பதினொன்றாவது பதிவேட்டை ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் என் முழுப் பெயரை எழுதியிருக்கிறேன். அது எழுதப்பட்ட விதத்தையும், எழுதக் கேட்டது நான்தான் என்பதையும் தனிக் கடிதமாக வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அதை நீ சொல்ல வேண்டும்.

பத்துத் திருகுக்குப் பின்னால் இருப்பதை நீ பார்ப்பாய், சரி. மீதி ஆயிரக்கணக்கான வரிகளுக்குப் பின்னால் இருப்பதை யார் பார்ப்பது? ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு நீ போட்ட கையெழுத்துகளில் எத்தனைக்கு எழுந்து போய் விமானத்தைப் பார்த்தாய்? எனக்குத் தெரியும். உனக்குப் பேனா எடுத்துக் கொடுத்தது நான்தான். ஒரு வரி பொய்யென்றால் மற்றவற்றுக்கு என்ன சாட்சி என்று ஆய்வாளர் கேட்டால் அது சரியான கேள்வி. பதினைந்து வருடம் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் நம்பினோம். விமானத்தை யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அவர் பெயர் கெடும் என்கிறாய். கெட்டால் என்னோடதும் சேர்ந்து கெடட்டும். அந்த மடக்கு இருக்கையில் உட்கார்ந்த அம்மாவுக்கு அப்பா போனது போதும்.

உனக்கு நான் செய்தது சின்ன விஷயமில்லை என்று தெரியும். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆய்வாளரிடமிருந்து எனக்குப் பதில் வந்தது. வலது எஞ்சினுக்கு சீல் வைத்திருப்பதாகவும், தன் முன்னால்தான் திறக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். உன்னிடமிருந்து ஒன்றுமில்லை.

தங்கச்சி தபால்காரரிடம், "எங்கக்காவுக்கு ஒண்ணும் இல்லேன்னா வாசல்ல நிக்காம போயிடுங்க, முகத்தப் பாக்க முடியல" என்று சொல்லிவிட்டாள். அவர் இப்போது எதிர்ப்புறம் போய் நடக்கிறார்.

நீ பன்னிரண்டு வயதில் கோபித்துக்கொண்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாய். நான் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அப்போதும் நான் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன், கீழே போகவில்லை. இப்போதும் போகமாட்டேன்.

அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

கோபமாகத்தான் இருந்தேன். நீங்கள் பதிவேட்டை அனுப்பியதை ஆய்வாளர் சீல் வைக்க வந்தபோதே சொல்லிவிட்டார். நீங்கள் எழுதிய இரண்டு கடிதத்தையும் பிரிக்காமலே வைத்திருந்தேன். முந்தாநாள்தான் பிரித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

மூன்றாம் தேதி ஆய்வாளர் வந்தார். வெல்டர், துணை பைலட் எல்லாரும் சுற்றி நின்றார்கள். சீலை உடைத்து, பத்துத் திருகையும் நானே கழற்றினேன். ஆய்வாளர் டார்ச்சை உள்ளே விட்டுக் குனிந்தார். நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் மூன்று குழாயும் புதியவை. நட்டு கழலாமல் முறுக்கிக் கட்டும் கம்பியும் அண்ணன் பாணியில் ஒரே சீராக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா சார்?" என்றேன். அவர் கையை உள்ளே விட்டார். "இங்க வாங்க" என்றார். என் விரலைப் பிடித்து நாலாவது குழாயின் நட்டில் வைத்தார். நட்டு என் விரலோடு சுற்றியது அண்ணி. ஸ்பானர் படவே இல்லை. இரண்டு புரி ஏறியிருந்தது, அவ்வளவுதான். கம்பி இல்லை. ஐந்தும் ஆறும் பழையவை, காய்ந்து கட்டையாக இருந்தன. உள்ளே சட்டத்தின்மேல் அண்ணனின் ஸ்பானர், வைத்தது வைத்தபடி இருந்தது.

"தரையில ஓட்டிப் பாத்திருந்தா ஒழுகிக்கூட இருக்காது" என்றார் ஆய்வாளர். "மேல ஏறுறப்ப முழு வேகத்துல உதறும் பாருங்க, அப்பத்தான் கழலும்." பிறகு கேட்டார், "இத மூடினது யாரு?"

"நான்தான்" என்றேன்.

உங்களுக்கும் இதை நான் சொன்னதில்லை. அன்றைக்கு அண்ணனை ஆம்புலன்ஸில் ஏற்றிய பிறகு திரும்பி வந்தபோது ஏணி அப்படியே நின்றது, தகடு கீழே கிடந்தது. தூசி போகுமே என்று எடுத்து மூடினேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. பத்தாம் நாள் பதிவேட்டில் இரண்டு எஞ்சினும் முடிந்தது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தேன், போட்டேன். நீங்கள் எழுதியதை நம்பி நான் கையெழுத்துப் போட்டேன். நான் போட்டதை நம்பி நீங்கள் அனுமதி தரப் போனீர்கள். ஒன்பது பேரையும் ஏற்றிக்கொண்டு நான் மேலே போயிருப்பேன்.

ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்துகளையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று பார்த்தேன். "எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். விமானத்தை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்து, பக்கத்திலேயே நின்று புதிதாக எழுத வேண்டும் என்று உத்தரவு. எல்லாரும் விடாமல் உழைத்தால் ஆகஸ்ட் கடைசியில் முடியும். செப்டம்பரில் நான்கு வாரம் மிச்சமிருக்கும்.

அந்த நான்கு வாரம் எனக்கு வேண்டாம் அண்ணி. துணை பைலட் பெண் ஓட்டட்டும். பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் விமானத்தில் ஏறக் கூடாது. நான் இனி அதைத் தொடுவதாக இல்லை.

உங்களிடம் ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. அண்ணன் நாலாவது குழாயில் இருக்கும்போதுதான் விழுந்திருக்கிறார்.

தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தங்கச்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் கேட்கவில்லை. குடித்தேன்.

இரண்டு வருடமாக எனக்கு அவர்மேல் ஒரு மனத்தாங்கல். அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குக் காலை என்னை எழுப்பாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாரே, அந்த விமானம் அப்படி என்ன ஓடியா போய்விடும் என்று நினைத்து நினைத்துக் கோபப்பட்டிருக்கிறேன். இப்போது தெரிகிறது, நான் எழுதிய வரியை உண்மையாக்கப் போயிருக்கிறார். ஆறில் மூன்று ஆக்கிவிட்டார். இதை நான் தாங்கிக்கொள்வேன். எப்படி என்று கேட்காதே, அது என் வேலை.

உன் வேலையைப் பற்றிப் பேசுவோம். இனித் தொடமாட்டேன் என்கிறாய். அது உனக்குச் சௌகரியம். தண்டனையை நீயே கொடுத்துக்கொண்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடலாம். நான் ஒப்ப மாட்டேன். நட்டு கையோடு சுற்றியதை நம்மில் தொட்டுப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். இனி நீ எதையும் பார்க்காமல் ஏறமாட்டாய். அப்படிப்பட்ட ஆள்தான் அதை ஓட்ட வேண்டும். ஆகஸ்டில் முடித்து, செப்டம்பரில் நீ ஓட்டுகிறாய். ஒரு சுற்று போதும். பக்கத்தில் அந்தப் பெண் உட்காரட்டும், அடுத்த வருடத்துக்கு அவள் கற்றுக்கொள்ள வேண்டும். பயணிகள் கிடையாது. அந்த டீச்சரம்மாவுக்கு நானே விளக்கி எழுதுகிறேன். கோபப்பட்டால் என்மேல் படட்டும். டீச்சர்களைச் சமாளித்து எனக்குப் பழக்கம்.

அனுமதித் தாளை இதோடு வைக்கவில்லை. கடைசித் தகடு மூடுகிற அன்று, மூடுவதைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்று கையெழுத்துப் போடுவேன். அதுவரை கேட்காதே.

எழுதுவதற்கு ஆள் தேடாதே. நான் வருகிறேன். பதினைந்து வருடம் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன், உள்ளே கை வைத்துப் பார்த்ததில்லை. முழங்காலைச் சாக்குச் சொல்லமாட்டேன். ஏணியில் ஏறமுடியாத இடத்துக்கு நீ ஏறு, ஆனால் கண்ணாடி வைத்து எனக்குக் காட்ட வேண்டும். நான் காணாததை எழுதமாட்டேன். நல்ல வெளிச்சமும் முதுகு சாய்கிற நாற்காலியும் வேண்டும். வெல்டரிடம் சொல்லிவை, என் மேசைக்குப் பக்கத்தில் டம்ளர் வைக்கக் கூடாது. தங்கச்சி கூட வருகிறேன் என்கிறாள். வந்தால் வரட்டும், டார்ச் பிடிக்க ஆள் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பது ரயில். ஸ்டேஷனுக்கு நீயே வா, ஆளனுப்பாதே. நேரே வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட வேண்டாம். ஹேங்கருக்குப் போக வேண்டும். வலது எஞ்சினுக்குப் பக்கத்தில் அவர் ஏணி போட்டிருந்த இடத்தைக் காட்டு. அங்கே நான் ஒரு நிமிடம் நிற்பேன். நீ பேசாமல் இரு.

அப்புறம் நாலாவது குழாயிலிருந்து தொடங்குவோம்.

உன் அண்ணி